அஞ்சு ரூபாய் பாக்கெட்டும் பேரனின் ரத்தமும்

கேள்வி: டாக்டரம்மா, மாரண்டஹள்ளிப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். மகனும் மருமகளும் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போவதால் பேரன் என்னிடம்தான் வளர்கிறான், ஏழு வயது. சோறு இறங்க மாட்டேன் என்கிறது. கடையில் தொங்கும் சரத்திலிருந்து தினம் மூன்று நான்கு தின்பண்டப் பாக்கெட் பிய்த்துத் தின்றுவிடுகிறான். போன மாதம் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.4 என்றார்கள். இந்தப் பாக்கெட்டுகளில் ஈயமும் வேறு உலோகமும் கலந்திருக்கிறது, மூளையைத் தின்றுவிடும் என்று ஒரு வீடியோ வந்தது. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. கொளுத்திப் பார்த்தேன், மெழுகுவர்த்தி மாதிரி எரிகிறது. பாக்கெட்டின் உள்ளே பளபளவென்று இருப்பதுதான் ஈயமா? எங்கள் அம்மா ஈயச் சொம்பில்தான் ரசம் வைப்பார்கள், அது மட்டும் எப்படி ஆகாமல் போகும்? பக்கத்து வீட்டில் ரத்தச் சுத்திப் பொடி ஒன்று கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா? இதையெல்லாம் விற்பதை நிறுத்திவிட்டால் கடையில் மிஞ்சுவது பேனாவும் பென்சிலும்தான். இன்னொன்று, பழைய எண்ணெய் டின்னில் புளி போட்டு வைத்திருக்கிறேன், வைக்கலாமா?

பதில்:

அம்மா, காந்தம் வைத்துப் பார்த்தேன் என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் சிரித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. என்னிடம் வருகிற படித்த பெற்றோர் பலர் அந்த வீடியோவை நாலு குரூப்புக்கு அனுப்பிவிட்டு அதே கையால் பிள்ளைக்கு ஒரு பாக்கெட்டையும் பிரித்துக் கொடுக்கிறவர்கள். நீங்களாவது சோதித்துப் பார்த்திருக்கிறீர்கள்.

ஆனால் காந்தத்தில் ஈயம் ஒட்டாது. காட்மியமும் ஆர்சனிக்கும் ஒட்டாது. ஒட்டக்கூடிய நிக்கல் இருந்தாலும் நாம் பேசுகிற அளவு காந்தத்துக்கோ கண்ணுக்கோ நாக்குக்கோ அகப்படுகிற அளவே இல்லை. பிபிஎம் என்று சொல்கிறார்களே, ஐம்பது கிலோ அரிசி மூட்டை இருபதை அடுக்கி அத்தனையிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் இருந்தால் அது ஒரு பிபிஎம், கால் ஸ்பூன் உப்புக்கும் குறைவு. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் பெரிய கருவி வேண்டும். கொளுத்தினால் எரிவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாவும் எண்ணெயும் சேர்ந்த காய்ந்த பண்டம் எதுவானாலும் எரியும், நீங்கள் வீட்டில் சுட்ட முறுக்கையும் கொளுத்திப் பாருங்கள், அழகாக எரியும். உள்ளே பளபளப்பது அலுமினியம், அதுவும் பிளாஸ்டிக் தாளின் மேல் ஆவியாகப் படிய வைத்த மிக மெல்லிய பூச்சு. தின்பண்டத்தைத் தொடுகிற உள்பக்கத்தில் பெரும்பாலும் வேறொரு பிளாஸ்டிக் அடுக்குதான் இருக்கும். அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. வெளிப்பக்கம் இருக்கிற அச்சு மைதான் கொஞ்சம் கவலை, அதுவும் பிள்ளைகள் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறார்களே, அந்தப் பழக்கத்தால். உங்கள் பேரனும் அப்படித்தான் கிழிப்பான், பார்த்துக்கொள்ளுங்கள். சரத்துக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் முடிந்தது.

ஈயச் சொம்பு விஷயத்தில் நம் மொழியே நம்மைக் குழப்பிவிடுகிறது. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் அதுதான். பேட்டரியில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம், மூளைக்கு ஆகாதது காரீயம். உங்கள் அம்மா வைத்த ரசம் நல்ல வெள்ளீயத்தில் கொதித்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளீயம் விலை கூடியது, காரீயம் மலிவு, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, எளிதில் கலந்தும்விடும். இன்றைக்குச் சந்தையில் புதிதாக வாங்குகிற சொம்பில் எது எவ்வளவு என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. புளியும் தக்காளியும் சேர்ந்த கொதிக்கிற ரசம், உலோகத்தைக் கரைத்து எடுப்பதற்கென்றே செய்த மாதிரி ஒரு திரவம். அதனால் குழந்தை இருக்கிற வீட்டில் புது ஈயச் சொம்பு வேண்டாம் என்பேன். எவர்சில்வரில் ரசம் வைத்தால் மணம் ஒரு மாற்றுக் குறையும், பரவாயில்லை. இனி இந்தப் பதிலில் ஈயம் என்று எழுதுவதெல்லாம் காரீயத்தைத்தான்.

இப்போது பாக்கெட்டுக்கு வருகிறேன். பாக்கெட் தின்பண்டத்தில் ஈயம் இருக்க முடியுமா என்றால், முடியும். எல்லாப் பாக்கெட்டிலும் ஆபத்தான அளவில் இருக்கிறதா என்றால், இல்லை. 2015-ல் ஒரு பிரபல நூடுல்ஸ் விவகாரம் நாட்டையே ஆட்டியது நினைவிருக்கும். உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரு மாதிரியில் 17.2 பிபிஎம் ஈயம் என்று அறிக்கை வந்தது, அனுமதி 2.5. ஜூனில் நாடு முழுவதும் விற்பனையை நிறுத்தினார்கள். ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம், சோதித்த ஆய்வகங்கள் முறையான அங்கீகாரம் பெற்றவை அல்ல என்று சொல்லி அந்தத் தடையை ரத்து செய்து, வேறு மூன்று ஆய்வகங்களில் மறுபடி பார்க்கச் சொன்னது. அங்கே அளவுக்குள்தான் இருந்தது, நவம்பரில் மறுபடி கடைக்கு வந்துவிட்டது. யார் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்று தெரியாமல் ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு அலறுவதில் அர்த்தமில்லை, உங்களுக்கு வந்த வீடியோவும் அந்த ரகம்தான்.

அதே நேரம் அந்த 2.5 என்கிற எண்ணையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். இருபது கிராம் பாக்கெட் ஒன்றில் அனுமதித்த அந்த அளவு முழுதாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம், ஐம்பது மைக்ரோகிராம் ஈயம் (ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்). அமெரிக்க உணவு, மருந்துத் துறை குழந்தைகளுக்கு உணவு வழியாக ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. அதாவது சட்டத்துக்கு உட்பட்ட பாக்கெட்டே, வரம்பின் விளிம்பில் நின்றால், இருபது மடங்குக்கு மேல் போய்விடும், நாலு பாக்கெட் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாக்கெட்டுகள் அந்த விளிம்புக்கு வெகு கீழேதான் இருக்கும் என்பது வேறு விஷயம். அளவுக்குள் இருக்கிறது என்று எங்காவது படித்தால் அதைப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று மாற்றிப் படித்துவிடாதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்ல வருவது. ஈயத்துக்கு இவ்வளவுக்குள் இருந்தால் பயமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் தெரியவில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வாரத்துக்கு இவ்வளவு வரை போகலாம் என்று முன்பு ஒரு கணக்கு வைத்திருந்த சர்வதேச நிபுணர் குழுவும் 2010-ல் அந்தக் கணக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

நம் தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது புரியும். ஃபுளோரைடு தண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்து, பல்லில் காவி ஏறி, சிலருக்கு முதுகும் முழங்காலும் வளைந்த பிறகுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல். தண்ணீரில் நாற்றமில்லை, நிறமில்லை, காய்ச்சினாலும் போகாது. உலோகமும் அதே மாதிரி சத்தமில்லாமல் வருகிற சரக்குதான், ஆனால் ஃபுளோரைடு பல்லில் காட்டிக்கொடுக்கும். ஈயம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. பிள்ளை கொஞ்சம் மந்தமாக இருப்பான், ஒரு இடத்தில் உட்கார மாட்டான், வயிறு வலிக்கிறது என்பான், மலம் சரியாகப் போகாது, ரத்தம் ஏறாது. இதெல்லாம் ஈயம் இல்லாத பிள்ளைகளுக்கும் வருவதுதான், அதனால்தான் தவறிப்போகிறது.

அப்படித் தவறவிட்ட கதை என்னிடமே ஒன்று இருக்கிறது. சில வருடத்துக்கு முன்பு, கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கத்து ஊரிலிருந்து நாலு வயதுப் பையன், ரத்தசோகை, மண் தின்கிற பழக்கம். பூச்சி மாத்திரை கொடுத்தேன், இரும்புச்சத்து டானிக் கொடுத்தேன், மூன்று மாதம் அதையே எழுதிக்கொண்டிருந்தேன், ஹீமோகுளோபின் அசையவே இல்லை. டானிக்கை ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று அந்த அம்மாவைத் திட்டவும் செய்தேன், அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும் சிப்ஸைத்தான் குற்றம் சொன்னார்கள். ஒரு நாள் கூட வந்த பாட்டி பேச்சுவாக்கில், இவங்கப்பா வாசலில் ஈயம் காய்ச்சும்போது இவன் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பான் என்றார். மீன் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு. பழைய பேட்டரித் தகடுகளை வாங்கி வந்து, இரும்புச் சட்டியில் உருக்கி, அச்சில் ஊற்றி அவர்களே செய்துகொள்வார்களாம். பையன் தின்ற மண் அந்த வாசல் மண். ரத்தத்தில் ஈயம் பார்க்க அனுப்பினேன், டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லி ரத்தத்துக்கு, முப்பது மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. மருந்தைவிட அங்கே வேலை செய்தது அந்தச் சட்டியை வீட்டை விட்டு அனுப்பியதும், வாசலில் மேல்மண்ணை எடுத்துவிட்டுச் சிமென்ட் போட்டதும், வீட்டைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வைத்ததும்தான். எட்டு மாதத்தில் பாதிக்கும் கீழே வந்தது. அந்தக் குழந்தை சிப்ஸும் தின்றது, ஆனால் குற்றவாளி அது இல்லை.

எதற்குச் சொல்கிறேன் என்றால், பாக்கெட்டைப் பற்றிக் கேட்கும்போது வீட்டையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். யாராவது பேட்டரி, பழைய இரும்பு, பெயிண்ட் சுரண்டுகிற வேலை செய்து அதே சட்டையோடு வீட்டுக்கு வருகிறார்களா? மகன் ஓசூரில் என்ன கம்பெனி என்று எழுதவில்லை, கேட்டுச் சொல்லுங்கள். பழைய ஜன்னல் கதவில் பெயிண்ட் உரிந்து கிடக்கிறதா? வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் அடித்த பெயிண்டில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்.

அப்புறம் மஞ்சள் தூள். இதைச் சொன்னால் எல்லோரும் என்னை விசித்திரமாகப் பார்க்கிறார்கள், ஆனால் பாக்கெட் தின்பண்டத்துக்குள் ஈயம் நுழைகிற பெரிய வாசல்களில் ஒன்று மசாலாதான். மஞ்சள் கிழங்கு பளிச்சென்று தெரிய ஈயக் குரோமேட் என்கிற மஞ்சள் சாயத்தைப் பூசுகிற வேலை வங்கதேசத்தில் வெகுநாள் நடந்தது. 2019-ல் அங்கே சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் நூற்றுக்கு 47-ல் அது இருந்தது. அரசு இறங்கி அபராதம் போட்டு, மில்களைச் சோதித்து, வியாபாரிகளிடம் பேசி, 2021-ல் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்கள், நினைத்தால் முடிகிறது. 2023-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழ்ப் பாக்கெட்டில் ஈயம் வந்தபோதும் ஆப்பிள் மேல் தப்பில்லை, அதில் தூவிய பட்டைத் தூளில்தான் ஆயிரக்கணக்கான பிபிஎம் அளவில் இதே ஈயக் குரோமேட் இருந்தது. தின்பண்டத்தின் மேல் ஒட்டியிருக்கிற அந்தச் சிவப்பு மஞ்சள் தூள் இருக்கிறதே, பிள்ளைகள் விரலை நக்கி நக்கிச் சாப்பிடுவது, அதன் தரம்தான் பாக்கெட்டின் தரம். வீட்டுக்கு மட்டுமாவது விரலி மஞ்சளாக வாங்கி, கழுவிக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். கழுவும்போது தண்ணீர் அளவுக்கு மீறி மஞ்சளாக ஓடினால், மேலே பூசிய சாயம் கையில் ஒட்டினால், அந்தக் கடையை மாற்றுங்கள்.

நம் ஊருக்கு நெருக்கமான இன்னொரு பண்டம் புளி மிட்டாய். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் புளி எங்கெல்லாமோ போகிறது, அதில் தப்பில்லை. ஆனால் மெக்சிகோவில் இதே மாதிரி புளியும் மிளகாயும் சேர்த்துச் செய்கிற மிட்டாய்களில் ஈயம் இருந்து பெரிய பிரச்சினையானது. புளியைவிட அதில் சேர்த்த மண் தூசு படிந்த மிளகாய்த் தூள், சுற்றிய தாளின் மை, ஈயம் கலந்த பளபளப்புப் பூசிய மண் சட்டிகள், இவைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். புளிப்பு உலோகத்தை இழுக்கும், ரசத்துக்குச் சொன்ன அதே கதை. அதற்குப் பிறகு அமெரிக்கா மிட்டாய்க்கு வைத்த அளவு 0.1 பிபிஎம், மேலே சொன்ன 2.5-ஐ இதனோடு வைத்துப் பாருங்கள். பெயர் தெரியாத, வெள்ளைக் கவரில் கட்டி ஸ்டேப்ளர் பின் அடித்த புளி மிட்டாய் உங்கள் கடையில் இருந்தால் அதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன்.

மற்ற உலோகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்சனிக் அரிசியில் கொஞ்சம் ஏறும், ஏனென்றால் நெல் தேங்கிய தண்ணீரில் வளர்கிறது, அரிசி மாவில் செய்த பண்டங்களுக்கும் அது வரும். காட்மியம் சில வகைப் பாஸ்பேட் உரம் வழியாக மண்ணுக்கு வந்து பயிருக்குப் போகிறது, கொக்கோவில் கூடுதல், சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் பத்து இருபது வருடம் நகராது. வீட்டில் யாராவது பீடி சிகரெட் பிடித்தால் அந்தப் புகையிலும் காட்மியம் உண்டு. நிக்கல், வனஸ்பதி செய்யும்போது பயன்படுத்துவது, மிச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று அதற்குத் தனி வரம்பு இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு என் கவலையில் தொண்ணூறு பங்கு ஈயம்தான், மற்றதுக்குப் பத்துப் பங்கு.

இனி பேரன். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய 9.4 தான் எனக்கு வீடியோவைவிட முக்கியமாகப் பட்டது. அவன் வயதுக்கு 11.5 இருக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்த குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும், இரும்புக்குத் திறந்து வைத்த கதவில் ஈயமும் நுழைகிற மாதிரி. பெரியவர்கள் விழுங்குகிற ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும், சின்னக் குழந்தைகளுக்குப் பாதி வரைகூடச் சேரும். உள்ளே போனது ரத்தத்திலிருந்து ஒன்றிரண்டு மாதத்தில் குறைந்தாலும் எலும்பில் போய்ப் பல வருடம் தங்கிவிடும், கால்சியம் என்று எலும்பே ஏமாந்துவிடுகிறது. ஆகவே அதே பாக்கெட்டை நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை தின்பதும் உங்கள் பேரன் வெறும் வயிற்றில் தின்பதும் ஒன்றல்ல. பாக்கெட் பசியைக் கெடுக்கிறது, பசி கெட்டதால் சோறு இறங்கவில்லை, சோறு இறங்காததால் ரத்தம் குறைகிறது, ரத்தம் குறைந்ததால் பாக்கெட்டில் இருக்கிற கெடுதி கூடுதலாக ஒட்டுகிறது. இந்தச் சுழலை எங்கே வெட்டுவது என்றால், ரத்தத்தில்தான்.

பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள், அவன் வயதுக்கு ரோஸ் நிறம். வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறானா, விழுங்குகிறானா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஆனால் 9.4-க்கு அது போதாது, தினம் மருந்து வேண்டும், அளவு எடையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அரசு ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கும். பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது போட்டது என்றும் பாருங்கள். சாப்பிட்டவுடன் டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் (நம் பக்கம் மூன்று வயதுப் பிள்ளைக்கே பன்னோடு டீ கொடுத்துப் பழக்கிவிடுகிறோம், கேட்டால் பால்தானே டாக்டர் என்பார்கள்) அதை நிறுத்துங்கள், டீ இரும்பை உடம்பில் சேர விடாது. கேழ்வரகு உங்கள் காலடியில் விளைகிறது, நூறு கிராமில் முன்னூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், கால்சியம் நிறைந்த வயிற்றில் ஈயம் சேர்வது குறையும். களி வேண்டாம் என்பான், சரி, ராகி அடையில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு, ஓரம் மொறுமொறுவென்று வரும்படி சுட்டுக் கொடுங்கள், அவன் பாக்கெட்டில் தேடுவது அந்த மொறுமொறுப்பைத்தான். கூட ஒரு கொய்யாத் துண்டு, இல்லையென்றால் நெல்லிக்காய், அதில் இருக்கிற வைட்டமின் சி இரும்பைச் சேர்த்துவிடும். வேகவைத்த நிலக்கடலை, முட்டை, இதெல்லாம் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரே நாளில் நாலு பாக்கெட்டையும் பிடுங்கினால் கத்துவான், கடை அவன் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது, ஜெயிக்க முடியாது. முதலில் சாப்பாட்டுக்கு முந்தைய பாக்கெட்டை நிறுத்துங்கள், அப்புறம் நாளுக்கு ஒன்று, அப்புறம் வாரத்துக்கு இரண்டு. வாரத்துக்கு இரண்டு தின்கிற பிள்ளையைப் பற்றி நான் ராத்தூக்கம் கெட மாட்டேன்.

ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா? இரும்பு மருந்தைச் சரியாகக் கொடுத்தும் ஆறு எட்டு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு புள்ளிகூட ஏறவில்லை என்றால், அல்லது மண், சுண்ணாம்பு தின்றால், அல்லது வீட்டில் நான் மேலே கேட்ட வேலை ஏதாவது இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். கை நரம்பில் எடுக்கிற ரத்தமாக இருக்கட்டும், விரல் குத்தி எடுத்தால் தோலில் இருக்கிற தூசே கணக்கைக் கெடுத்துவிடும். தலைமுடியைக் கொடுத்துப் பார்க்கிற சோதனைக்குப் பணத்தை வீணாக்காதீர்கள். டெசிலிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அமெரிக்காவில் 3.5-லேயே கவனிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஈயத்தை இழுத்து வெளியேற்றுகிற மருந்து 45-ல்தான் கட்டாயமாகிறது, அதுவும் ஆஸ்பத்திரியில் வைத்து. அதற்குக் கீழே வருகிற வழியை அடைப்பதும் சாப்பாடும்தான் முதல் வைத்தியம், அணைப் பக்கத்துப் பையனுக்கு நடந்தது அதுதான்.

ரத்தச் சுத்திப் பொடி வேண்டவே வேண்டாம். யார் செய்தது, என்ன போட்டது என்று டப்பாவில் எழுதியிருக்காது. பற்பம், செந்தூரம் என்று உலோகத்தையே சேர்த்துச் செய்கிற மருந்துகள் சித்த வைத்தியத்தில் உண்டு, அதைப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் பார்த்துக் கொடுப்பது வேறு, பக்கத்து வீட்டு டப்பாவிலிருந்து ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் போடுவது வேறு. ஈயத்தை எடுக்கப் போய் ஈயத்தையே ஊட்டின கதையாகிவிடும்.

கடையை என்ன செய்வது என்று கேட்டீர்கள். மூடச் சொல்ல மாட்டேன். பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியவர்கள் செய்கிறவனும் அரசும்தான், அந்தப் பாரம் முழுவதையும் பெட்டிக்கடை தலையில் வைப்பது நியாயமில்லை. ஆனால் எதைத் தொங்கவிடுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 14 இலக்க உரிம எண், தயாரித்த ஊர், பேட்ச் எண், தேதி இந்த நாலும் இல்லாத எதையும் வாங்காதீர்கள், அந்த எண் இருந்தால் உள்ளே ஈயமே இல்லை என்று அர்த்தமில்லை, பிரச்சினை வந்தால் ஆளைப் பிடிக்கலாம் என்று அர்த்தம். உள்ளே பொம்மை, மோதிரம், ஸ்டிக்கர் போட்டு வருகிற பாக்கெட் வேண்டாம், எண்ணெய்ப் பண்டத்தோடு உரசிக்கொண்டு கிடக்கிற அந்த மலிவுப் பொம்மையின் பெயிண்ட் என்னவென்று யாருக்கும் தெரியாது. கடலையையும் வடையையும் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்காதீர்கள், 2018 பேக்கேஜிங் விதிகளிலேயே அதற்குத் தடை இருக்கிறது, நம் ஊரில் யார் கேட்கிறார்கள் என்பது வேறு கதை. ஏஜென்சிக்காரரிடம் பில் கேட்டு வாங்கி ஒரு கம்பியில் குத்தி வையுங்கள், நாளைக்கு அதிகாரி வந்து கேட்டால் சரக்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட அதுதான் இருக்கும்.

ஏதாவது ஒரு பாக்கெட் மேல் நிஜமாகவே சந்தேகம் என்றால் கொளுத்திப் பார்ப்பதைவிட நல்ல வழி இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், பிரிக்காத பாக்கெட்டோடும் பில்லோடும். அவர்கள் மாதிரி எடுத்து அனுப்ப அரசுப் பகுப்பாய்வுக் கூடம் சேலத்திலேயே இருக்கிறது. 2006-ம் வருடச் சட்டப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவைச் சோதிக்கக் கேட்கலாம், கெட்டது என்று தெரிந்தால் அந்தக் கட்டணம் திரும்பி வரும். இந்த உரிமை பலருக்குத் தெரியாது. உப்பு, எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பாக்கெட்டில் இருக்கிறதா இல்லையா என்று நாம் அடித்துக்கொள்கிற ஈயத்தைவிட, இருக்கிறது என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிற உப்பு நிச்சயமான கெடுதி.

சரத்தில் பாதியை எடுத்துவிட்டுக் கடலை உருண்டை, பொரி உருண்டை, எள்ளுருண்டை, உப்பு மிளகாய்த்தூள் தூவாத மாங்காய்த் துண்டு என்று வைத்துப் பாருங்களேன், மாங்காய் சீசனில் நம் ஊரில் அதற்கா பஞ்சம். முதல் வாரம் விற்காது. எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் பெட்டிக்கடை வைத்திருக்கிற அக்கா முதலில் என்னைத் திட்டிக்கொண்டேதான் கடலை உருண்டை பாட்டிலை வைத்தார், இப்போது காலையிலேயே தீர்ந்துவிடுகிறது என்று அதற்கும் திட்டுகிறார்.

எண்ணெய் டின்னில் புளி வைக்க வேண்டாம் அம்மா. உப்புப் போட்ட புளி ஒரு வருடம் உள்ளே கிடந்தால் தகரத்தைத் தின்றுவிடும், மூடி ஓரத்தில் கறுப்பாகக் கசிந்திருக்கும், திறந்து பாருங்கள். டின்னைத் தொட்டுக்கொண்டிருந்த புளியை எடுத்துப் போட்டுவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் மண் பானைக்கு மாற்றிவிடுங்கள், உள்ளே பளபளப்பு எதுவும் பூசாத பானையாக இருக்கட்டும்.

பேரனுக்கு டானிக் ஆரம்பித்து ஆறு வாரம் கழித்து மறுபடி ஹீமோகுளோபின் பார்த்து, அந்த எண்ணையும் மகன் என்ன வேலை பார்க்கிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.